இடது டீசல் தாங்கி மட்டும் இறங்குகிறது, வலது அசையவே இல்லை: எங்கே பார்ப்பது?

முகத்துவாரம்28:

வணக்கம். 28 அடி ஃபைபர் படகு, உள்ளே 120 குதிரைவலு டீசல் எஞ்சின் ஒன்று. இரண்டு பக்கமும் 200 லீற்றர் அலுமினியத் தாங்கிகள். இரண்டும் நேரான பெட்டி வடிவம்: நீளம் 100 செ.மீ., அகலம் 40, உயரம் 50. அடியில் இரண்டையும் இணைத்து 19 மி.மீ. பேலன்ஸ் ஹோஸ் போகிறது, இரு முனையிலும் போல் வால்வு (உள்ளே ஒரு குண்டைத் திருப்பித் திறந்து மூடுவது) உண்டு, இரண்டும் திறந்தேதான் இருக்கின்றன. எஞ்சினுக்கான லைன் இரண்டு தாங்கிகளின் மேல்தட்டிலிருந்தும் வந்து ஒரு டீயில் (T வடிவக் குழாய் இணைப்பு) சேர்ந்து, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டருக்குப் போகிறது. ரிட்டர்ன் லைன் மட்டும் வலது தாங்கிக்கு.

சமமாக நிரப்பிக்கொண்டு ஐந்து மணி நேரம் நிதான வேகத்தில் ஓடினால் இடது கேஜ் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, வலது கேஜ் கிட்டத்தட்ட ஃபுல். படகும் வலப்பக்கம் லேசாகச் சாய்கிறது. எஞ்சின் ஓட்டத்தில் குறை எதுவும் இல்லை. பேலன்ஸ் ஹோஸைக் கழற்றுவதென்றால் தரைப்பலகை முழுவதையும் எடுக்க வேண்டும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை ஏதும் உண்டா?

டீசல்பாஸ்:

ரிட்டர்ன் ஒரு பக்கம் மட்டும் விழுதுன்னு நீங்களே எழுதிட்டீங்க, அதுக்கு மேல என்ன தேடணும்? டீசல் எஞ்சின் இழுக்கிறது முழுக்க எரியாது. பம்பையும் இன்ஜெக்டரையும் குளிர்விச்சிட்டு மிச்சம் திரும்பி வரும். இரண்டு தாங்கியிலிருந்தும் இழுத்து ஒரே தாங்கியில ஊத்தினா அந்தப் பக்கம் நிறையத்தான் செய்யும். அதைச் சமன் செய்யத்தான் அடியில பேலன்ஸ் ஹோஸ். அது அடைச்சிருந்தா உங்க நிலைமைதான்.

எவ்வளவு திரும்புதுன்னு அளக்கிறது லேசு. ரிட்டர்ன் ஹோஸை வலது தாங்கிப் பக்கம் கழட்டி, அளவு போட்ட கேன்ல விட்டு, ஓடுற வேகத்துல சரியா ஒரு நிமிஷம் பிடிங்க. பழைய இன்லைன் பம்புன்னா கொஞ்சமாத்தான் வரும். கொமன் ரெயில்ன்னா (உயர் அழுத்தப் பொதுக் குழாயிலிருந்து இன்ஜெக்டருக்குப் போற புது வகை) அரை லீற்றருக்கு மேலேயே வரலாம். நிமிஷத்துக்கு அரை லீற்றர்னா மணிக்கு 30 லீற்றர். கேனைக் கையில பிடிச்சிட்டு நிக்காதீங்க, கட்டி வைங்க, திரும்பி வர்ற டீசல் சூடா இருக்கும்.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் அடியில தேங்கிற தண்ணி. கொழும்புக் காத்துல ஈரம் குறையுற நாளே கிடையாது, பாதி காலியான தாங்கியில ராத்திரி வேர்க்கும். தண்ணியும் டீசலும் சந்திக்கிற இடத்துல கிருமி வளர்ந்து கறுப்பா, வழவழன்னு சளி மாதிரி படியும். பேலன்ஸ் ஹோஸ் தாங்கியோட ஆகத் தாழ்ந்த இடத்துல இருக்கிறதால முதல்ல போறது அதுதான். ஃபில்டர் கிண்ணத்துல கறுப்புத் துணுக்கு இருக்கான்னு பாருங்க.

வத்தளைக்காரன்:

தம்பி, தரைப்பலகையிலே கை வைக்காதீங்கோ. முதலில் கேஜை நம்பலாமா என்று தெரிய வேண்டும். இரண்டு கேஜ், இரண்டு மிதவை யூனிட், இரண்டு எர்த் வயர். இதில் ஒன்று கெட்டாலும் இதே அறிகுறிதான் வரும், டீசல் சமமாகவே இருக்கும். ஆனால் படகு சாய்கிறது என்கிறீர்கள், ஆகவே ஓரளவு வித்தியாசம் உண்மைதான். எவ்வளவு என்று அளப்போம்.

சீவிய மெல்லிய மரக்குச்சியில் சென்ரிமீற்றர் கீறிக்கொண்டு, மிதவை யூனிட்டின் ஐந்து ஸ்குரூவைக் கழற்றி அந்தத் துளையால் அளவுங்கோ. டெக்கில் உள்ள நிரப்பு வாய் வழியாக விட்டால் குச்சி ஹோஸ் வளைவில் முட்டி நின்று பொய் சொல்லும். உங்கள் தாங்கி 100க்கு 40 என்பதால் கணக்கு சுலபம்: ஒரு சென்ரிமீற்றர் 4 லீற்றர். யூனிட் கையில் இருக்கும்போதே மல்ரிமீற்றரை வைத்து மிதவையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கோ. ஐரோப்பிய வகையென்றால் காலியில் 10 ஓம், நிறைவில் 180. அமெரிக்க வகை தலைகீழ், காலியில் 240, நிறைவில் 33. நடுவில் எங்கேயாவது எண் துள்ளினால் யூனிட் போய்விட்டது. இரண்டு பக்கமும் வேறு வேறு வகை பூட்டியிருப்பதும் உண்டு.

இரண்டாவது, படகு நேராக நிற்கிறதா என்பது. தாங்கிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 1.8 மீற்றர் என்று வைத்தால், 2 பாகை சாய்வுக்கே 6 செ.மீ.க்கு மேல் மட்ட வித்தியாசம் வரும். உங்கள் தாங்கியில் அது 25 லீற்றர். அடைப்பு எதுவும் இல்லாமலேயே வரும். பற்றரி, நங்கூரச் சங்கிலி, ஐஸ் பெட்டி எல்லாம் ஒரு பக்கமாக இருந்தால் டீசல் அந்தப் பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். மேசன்மார் பாவிக்கிற தண்ணீர்க் குழாயை இரண்டு பக்கக் கட்டையிலும் பிடித்தால் சாய்வு தெரிந்துவிடும். காலையில் அலை அடங்கிய நேரம் பாருங்கோ. இப்போது தென்மேற்குப் பருவம், பத்து மணிக்குப் பிறகு முகத்துவாரத்தில் மட்டம் பார்ப்பது வீண்.

ஓடி வந்து எஞ்சினை நிறுத்தியதும் ஒரு அளவு, மறுநாள் காலையில் ஒன்று. இரண்டும் வேண்டும். இடையில் எந்த மூடியையும் திறக்க வேண்டாம். யூனிட்டைத் திரும்பப் பூட்டும்போது கேஸ்கெட் காற்றுப் புகாமல் இறுகட்டும்.

முகத்துவாரம்28:

அளந்துவிட்டேன். மிதவை யூனிட்கள் இரண்டும் சரி. புறப்படும்போது இரண்டிலும் 45 செ.மீ. ஐந்து மணி நேரம் ஓடி நிறுத்தியதும் இடது 30, வலது 42. மறுநாள் காலை இடது 30.5, வலது 41.5. தண்ணீர்க் குழாயில் பார்த்த சாய்வு மிகக் குறைவு, 1.8 மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர்தான். ரிட்டர்ன் நிமிடத்துக்கு அரை லீற்றர். ஃபில்டர் கிண்ணம் சுத்தம், தண்ணீர் இல்லை.

வத்தளைக்காரன்:

நல்ல எண்கள். இதிலிருந்தே நிறையச் சொல்லலாம்.

இடது 15 செ.மீ., வலது 3 செ.மீ., மொத்தம் 18 செ.மீ. இறங்கியிருக்கிறது. அதாவது 72 லீற்றர், மணிக்கு 14க்குச் சற்று மேலே. ரிட்டர்ன் மணிக்கு 30. ஆக எஞ்சின் மணிக்கு 44 லீற்றர் இழுக்கிறது, பக்கத்துக்கு 22 என்று வைப்போம். பேலன்ஸ் ஹோஸ் முற்றாக அடைத்திருந்தால் வலது தாங்கிக்கு மணிக்கு 8 லீற்றர் கூடிக்கொண்டே போயிருக்கும். 45 செ.மீ.யில் புறப்பட்ட தாங்கியில் 20 லீற்றர் இடம்தான் மிச்சம். மூன்று மணி நேரத்துக்குள் வென்டால் (தாங்கிக்குள் காற்றுப் போய்வரும் குழாய்) டீசல் கடலில் வழிந்திருக்கும். அது நடக்கவில்லை, வலதும் 3 செ.மீ. இறங்கித்தான் இருக்கிறது. ஆகவே முழு அடைப்பு இல்லை.

பாதி அடைப்பா? இரண்டு பக்கமும் சமமாக இறங்க, ஹோஸ் வழியாக மணிக்கு 15 லீற்றர் கடந்தால் போதும். சுத்தமான 19 மி.மீ. ஹோஸ் அதை ஓரிரு மில்லிமீற்றர் மட்ட வித்தியாசத்திலேயே கடத்திவிடும். உள்ளே சளி படிந்து 6 மி.மீ. ஓட்டை மட்டும் மிஞ்சியிருந்தால், மெதுவான ஓட்டத்தில் தடை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறுவதால், அது ஏறக்குறைய நூறு மடங்காகும். அப்போது 12 செ.மீ. வித்தியாசம் வரும். உங்களுக்கும் வந்தது 12 செ.மீ.தான். அதனால் டீசல்பாஸ் அண்ணன் சொன்னது ஓடும்போது எடுத்த அளவோடு பொருந்துகிறது. காலை அளவோடுதான் பொருந்தவில்லை. 6 மி.மீ. ஓட்டை இருந்தால்கூட எஞ்சின் நின்று ஐந்து மணி நேரத்தில் வித்தியாசம் ஒரு சென்ரிமீற்றருக்குள் வந்துவிட வேண்டும். உங்களுக்கு விடிய விடிய 11 நிற்கிறது.

மிச்சம் இருப்பது வலது தாங்கியின் வென்ட். டீசல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் மேலே வெற்றிடம் உண்டாகி டீசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்குப் பெரிய வெற்றிடம் தேவையில்லை. 12 செ.மீ. டீசலைத் தாங்க வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு போதும். மேலே 20 லீற்றர் காற்று இருக்கிற தாங்கியிலிருந்து கால் லீற்றர் கூட வெளியேற வேண்டாம், அந்த வெற்றிடம் வந்துவிடும். எஞ்சின் கொஞ்சமும் திணறாது, ஏனென்றால் இடது தாங்கி தாராளமாகக் கொடுக்கிறது. இரண்டு வென்டும் ஒன்றாக அடைத்தால்தான் எஞ்சின் வலு குறைந்து நிற்கப் பார்க்கும்.

சோதனை இதுதான்: கட்டிய இடத்தில், எஞ்சின் நிறுத்தி, வித்தியாசம் இருக்கும்போது வலது நிரப்பு மூடியை மெல்லத் தளர்த்துங்கோ. காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்கிறதா, அரை மணி நேரத்தில் மட்டம் சமமாகிறதா? அப்படியானால் வென்ட்தான் குற்றவாளி, தரைப்பலகை தப்பியது. மூடி திறந்தும் அசையாவிட்டால் ஹோஸைக் கழற்றத்தான் வேண்டும்.

பொல்கொடைப் படகு:

இடையில் ஒரு குறிப்பு. பெற்றோல் அவுட்போர்ட் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். பெற்றோல் தாங்கியில் அடிப்பேலன்ஸ் ஹோஸ் இருக்கவே கூடாது, எல்லா லைனும் மேல்தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். மிதவை யூனிட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மல்ரிமீற்றர், பற்றரி வேலை எதுவும் வேண்டாம், ஆவி தாழ்ந்து பில்ஜில் (படகின் அடிப்பள்ளத்தில்) தேங்கும்.

அவுட்போர்டில் பெரும்பாலும் ரிட்டர்னே தாங்கிக்கு வராது. இரண்டு தாங்கியில் ஒன்று மட்டும் குறைந்தால் மூன்று இடம்: மாற்று வால்வு உள்ளே பழுதாகி ஒரே தாங்கியிலிருந்து இழுப்பது, தாங்கி வாயில் உள்ள ஆன்டி சைஃபன் வால்வின் (லைன் உடைந்தால் பெற்றோல் தானாக வழியாமல் தடுப்பது) குண்டு உப்பில் ஒட்டிக்கொள்வது, உறிஞ்சு குழாய் மேலே வெடித்து டீசலுக்குப் பதில், மன்னிக்கவும், பெற்றோலுக்குப் பதில் காற்றை இழுப்பது. கையால் அமுக்கும் பல்ப் ஓடும்போது சப்பையாகிக் கிடந்தால் தாங்கிப் பக்கம் அடைப்பு. வென்டாகவும் இருக்கலாம், மூடியைத் தளர்த்தினால் தெரியும்.

இரண்டு மேல் உறிஞ்சு குழாய்களை வெறும் டீயில் சேர்ப்பது டீசலிலும் எனக்குப் பிடிக்காத வேலை. ஒன்று காலியானதும் எஞ்சின் காற்றை இழுக்கும், மற்றதில் அரைத் தாங்கி இருந்தாலும்.

முகத்துவாரம்28:

மூடியைத் தளர்த்தியதும் தெளிவாகக் காற்று இழுத்தது. அரை மணி நேரத்தில் இடது 35.5, வலது 36.5. சாய்வைக் கழித்தால் சமம். வெளியே உள்ள வென்ட் வாயைக் கழற்றினேன், வலையில் கொஞ்சம் உப்பு, அடைப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் வென்ட் ஹோஸ் தாங்கியிலிருந்து ஏறி, பக்கச் சுவரின் பின்னால் தொங்கி, மறுபடி ஏறுகிறது. அந்தத் தொங்கலின் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண், நடுவில் பிடிகிளிப் உடைந்திருக்கிறது. இதுவா?

வத்தளைக்காரன்:

அதேதான். தொங்கலில் டீசல் தேங்கியிருக்கிறது. அங்கே 12 செ.மீ. உயரத்துக்கு டீசல் நின்றால், தாங்கிகளுக்கு இடையே 12 செ.மீ. வித்தியாசம் வரும் வரை அது காற்றை விடாது. அதைத் தாண்டினால் குமிழ் குமிழாக விடும். உங்கள் எண்களும் அதையே காட்டுகின்றன: முதல் 12 செ.மீ. இடது மட்டும் இறங்கியது, பிறகு இரண்டும் சேர்ந்து மூன்று மூன்று. உறுதி செய்ய ஹோஸைத் தாங்கிப் பக்கம் கழற்றி, கீழே பாத்திரம் வைத்து வடியுங்கோ. வாயால் ஊத வேண்டாம். கொம்பிரஸரைத் தாங்கியோடு பூட்டவே வேண்டாம், தட்டையான அலுமினியத் தாங்கியைச் சோதிக்கவே 3 பீ.எஸ்.ஐ. அழுத்தம்தான், வேர்க்ஷொப் காற்று அதை ஒரு நொடியில் ஊதி வீங்க வைக்கும். ஹோஸ் இரண்டு பக்கமும் கழன்ற பிறகு சைக்கிள் பம்ப் போதும்.

புது ஹோஸ் போடுவதே நல்லது. டீசல் ஊறி உள்றப்பர் வீங்கிய ஹோஸ் மறுபடி தொல்லை தரும். உள்விட்டம் 16 மி.மீ. வாங்குங்கோ, 11க்குக் கீழே போகவே கூடாது. மேலே ஐ.எஸ்.ஓ. 7840 (தீ தாங்கும் படகு எரிபொருள் ஹோஸுக்கான தரம்) என்று அச்சடித்திருக்க வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் வாகன டீசல் ஹோஸ் எந்த அளவிலும் கிடைக்கும், ஆனால் அந்த அச்சு இருக்கிறதா என்று மீற்றர் கணக்கில் வெட்டுவதற்கு முன் பாருங்கோ. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் மலிவு, டீசலில் சில மாதத்தில் கல்லாகி வெடிக்கும். கிளிப் துருப்பிடியாத உருக்கு. வாங்கும்போது ஒரு காந்தம் கொண்டு போங்கோ, பட்டி துருப்பிடியாததாக இருக்க ஸ்குரூ மட்டும் இரும்பாக வருவது வழமை.

பாதை தாங்கியிலிருந்து வென்ட் வாய்க்குக் கிட்ட வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். 40 செ.மீ.க்கு ஒரு பிடிகிளிப். முடிவில் வென்ட் வாய்க்கு மேலே ஒரு வளைவு எடுத்து இறக்குங்கோ, கடல் தண்ணீர் நேரே தாங்கிக்குள் போகாது. அந்த இறக்கம் வெளியே வடிவதால் அங்கே எதுவும் தேங்காது. வென்ட் வாயின் முகம் பின்பக்கம் பார்க்கட்டும். வலையை வெந்நீரில் ஊற வைத்துப் பழைய பல் தூரிகையால் தேயுங்கோ, வலையே வேண்டாம் என்று பிடுங்கி எறிந்தால் குளவி கூடு கட்டும்.

டீசல் அங்கே எப்படிப் போனது என்றால், கழுத்து வரை நிரப்புவதால். படகு வலப்பக்கம் சாய்ந்து நிற்கும்போது கேனால் அவசரமாக ஊற்றினால் வென்ட் ஹோஸுக்குள் ஏறும். 47 செ.மீ.க்கு மேல் போகாதீங்கோ. வெயிலில் டீசல் 10 பாகை சூடேறினால் 190 லீற்றர் ஒன்றரை லீற்றருக்கு மேல் பெருக்கும், அதற்கும் இடம் வேண்டும். வழிந்து கடலில் விழுந்தால் 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கலைப்பது தீர்வில்லை, படலம் கண்ணுக்கு மறையும், டீசல் அங்கேயே இருக்கும். நிரப்பும்போது வென்ட் வாயடியில் உறிஞ்சு துணி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கோ.

டீசல்பாஸ்:

வென்ட்தான்னா வென்டையே செய்ங்க. ஆனா ரிட்டர்ன் விஷயத்தை அப்படியே விட்டுட்டுப் போகாதீங்க. இன்னிக்குப் பேலன்ஸ் ஹோஸ் சுத்தமா இருக்கு, அதனால மறையுது. அது அடைக்கிற அன்னிக்கு வலது வென்ட்டால வழியும், நடுக்கடல்ல.

சிலபேர் ஓடும்போது பேலன்ஸ் வால்வை மூடுவாங்க, அலையில டீசல் பக்கம் மாறாம இருக்க. இரட்டை எஞ்சின்ல, ஒவ்வொண்ணும் தன் தாங்கியிலேயே இழுத்துத் தன் தாங்கியிலேயே விட்டா அது சரியான பழக்கம். உங்க லைன்ல அதைச் செய்யவே கூடாது, மேலே வத்தளைக்காரத் தம்பி போட்ட கணக்கைப் பாருங்க, மூணு மணி நேரம்கூடத் தாங்காது.

சரியான வேலைன்னா ஆறு வாய் மாற்று வால்வு. இழுக்கிற லைனும் ரிட்டர்னும் ஒரே கைப்பிடியில சேர்ந்து திரும்பும். இடதுல இழுத்தா இடதுக்கே திரும்பும். டீ தேவையில்ல, பொல்கொடைக்காரர் சொன்ன காத்துப் பிரச்சினையும் போயிடும். இரண்டு தனி வால்வு போட்டு மிச்சம் பிடிக்கலாம்னு நினைக்காதீங்க, ஒருநாள் இழுக்கிறதை மட்டும் திருப்பிட்டு ரிட்டர்னை மறப்பீங்க. ரிட்டர்ன்ல எந்த நேரத்துலயும் முழுசா மூடுற வால்வு வரக்கூடாது, அழுத்தம் ஏறி பம்ப் சீல் போகும்.

பல நாள் கடல்ல தங்கி மீன்பிடிக்கிற பலநாள் படகுகள்ல தாங்கி நாலு, அஞ்சு இருக்கும்போது வேற வழி எடுப்பாங்க: நடுவுல சின்ன நாள்தாங்கி ஒண்ணு, எஞ்சின் அதுலதான் இழுக்கும், ரிட்டர்னும் அதுக்கே. பக்கத் தாங்கியிலிருந்து ஃபில்டர் வழியா அதுக்குப் பம்ப் பண்ணுவாங்க. 28 அடிக்கு அது அதிகம்.

அடுத்த தடவை தரைப்பலகை எடுக்கிற வேலை வந்தா பேலன்ஸ் ஹோஸையும் சோதிச்சிடுங்க. இரண்டு வால்வையும் மூடி, ஹோஸை ஒரு முனையில கழட்டி, அந்தப் பக்க வால்வுக்கடியில 10 லீற்றர் வாளி வைச்சுத் திறங்க. தாங்கியில 40 செ.மீ. இருந்தா அரை நிமிஷமளவில் நிறையணும். இழுத்துக்கிட்டு நின்னா வால்வுக்குள்ளே பாருங்க. கைப்பிடி திரும்பும், உள்ளே குண்டு திரும்பாம நிக்கும், பித்தளை வால்வுல அப்படி நடக்கும். மற்றப் பக்கமும் அதே மாதிரி.

முகத்துவாரம்28:

ஹோஸிலிருந்து வடிந்தது ஒரு கோப்பைக்கும் குறைவு. 16 மி.மீ. ஹோஸ் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்றுகிறேன். ஆறு வாய் வால்வு ஃபில்டருக்கு முன்னா பின்னா?

டீசல்பாஸ்:

முன்னால. தாங்கி, வால்வு, ஃபில்டர், எஞ்சின், இந்த வரிசை. வால்வு வாய் உங்க சப்ளை ஹோஸ் அளவுக்குக் குறையக்கூடாது. பூட்டினதும் ஃபில்டர் கிண்ணத்தை நிரப்பி, கைப்பம்பால காத்தை எடுத்துட்டு, இடது நிலையில அரை மணி, வலது நிலையில அரை மணி கட்டின இடத்துலயே ஓட்டிப் பாருங்க. அந்த நேரம் பேலன்ஸ் வால்வு இரண்டும் மூடி இருக்கணும், இல்லாட்டி ரிட்டர்ன் எந்தப் பக்கம் போகுதுன்னு குச்சியில தெரியாது. சும்மா ஓடுற வேகத்துல எரியிறது ஓரிரு லீற்றர்தான். இழுக்கிற பக்கம் அரை சென்ரிமீற்றருக்கு மேல இறங்கி, மற்றப் பக்கம் ஏறினா ரிட்டர்ன் ஹோஸ் இரண்டும் மாறிப் பூட்டியிருக்கு.